சும்மான்னு குறிச்சதெல்லாம்

இல்லாத பறவைய இருக்குதுன்னு சொல்லுது இந்தப் போன். பூங்கொத்தி. சித்தெ நேரம் கழிச்சு மறுபடியும் பூங்கொத்தி. எங்கடா இருக்குது உன்ற பூங்கொத்தி, காட்டு பாக்கலாம். நானும் இந்தப் பாலக்கட்டையில உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டுத்தான் இருக்கறேன். தேயிலைக்கு அந்தப்பக்கம் சோலைக்குள்ள குக்குறுவான் விடாமக் கத்துது, அது கேக்குது. கீழ ஓடையில தண்ணி விழறது கேக்குது. எஸ்டேட் ஜீப்பு எங்கியோ வளைவுல திணறிக்கிட்டு ஏறுது, அதுவும் கேக்குது. பூங்கொத்தி மட்டும் கேக்கலை, ஏன்னா அது இல்லை. இருந்தா எனக்குக் கேக்காதா. குழந்தைவேல்னு அப்பன் வெச்ச பேரு ரேஷன் கார்டோட சரி, கோயமுத்தூர்ல பறவை பாக்கறவங்க கூட்டத்துல எனக்குப் பேரே காது வேலு. மூடுபனியில மரமே தெரியாத இடத்துல கூட, கத்தறது இன்னதுன்னு சொல்லிருவேன். நான் கையத் தூக்கினா அத்தனை பேரும் அப்படியே நின்னுருவாங்க. அப்பேர்ப்பட்ட காதுக்கு முன்னாடி ஒரு போன், அதுவும் நானே எழுதின புரோகிராம், வால்பாறை வரைக்கும் வந்து வம்பு பண்ணுது. எரிச்சலா வருது. என்ற சம்சாரம் சாந்தாமணி பிளாஸ்க்ல இருந்து காப்பி ஊத்தி நீட்டினா, வாங்கிக் கட்டைமேல வெச்சேன். குடிக்கத் தோணலை.

வம்பு பண்றது பழசு. போன்ல அந்தப் புரோகிராம் ரெண்டு வெச்சிருக்கறேன், பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. பறவை கத்தினா போன் அதைக் கேட்டு தமிழ்ல பேர் எழுதிக் காட்டணும், அவ்வளவுதான் வேலை. பகலெல்லாம் பம்பு கம்பெனிக்கு உக்காந்து, மோட்டார் எத்தனை வந்துச்சு எத்தனை போச்சுன்னு புரோகிராம் எழுதற எனக்கும், பக்கத்து சீட்டு யூனுஸுக்கும் பிடிச்ச பைத்தியம் இது. பழசுக்கு ஒரு சீக்கு. எங்க கொண்டு போனாலும் பூங்கொத்தின்னு உளறும். டாப்ஸ்லிப்புல உளறுச்சு, ஆனைகட்டில உளறுச்சு, எங்க வீட்டு மொட்டைமாடியில கூட உளறுச்சு. கட்டைவிரல் அளவுக் குருவி, அதுக்குப் போயி இத்தனை உளறல். சரி, வைத்தியம் பாப்போம்னு, அது பூங்கொத்தின்னு சொன்ன பதிவையெல்லாம் ஒண்ணு விடாம ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். ஒண்ணுமில்லை. காத்து, தூரத்துல நாய், எங்கியோ லாரி. அத்தனையையும் சும்மான்னு குறிச்சேன். பறவையே இல்லாத பதிவைப் போட்டு வெக்கற ஃபோல்டருக்கு யூனுஸ் வெச்ச பேரு சும்மா. இதெல்லாம் சும்மா, ஏமாந்துறாதேன்னு மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தோம், அதுவும் கத்துக்கிச்சு. புதுசு இப்ப பூங்கொத்தின்னு வாயே தொறக்கறதில்லை. யூனுஸ் ஒரு நாள் மட்டும் இழுத்தான். கம்ப்யூட்டர் சத்தத்தைப் படமாப் போட்டுக் காட்டும், தடிச்ச சத்தம் கீழ, கீச்சுச் சத்தம் மேல. "வேலண்ணா, சும்மாவுல இருக்கறதுல மேலாக்க சின்னச் சின்னக் கோடு தெரியுதுங்களே"ன்னான். "மைக்கு இரைச்சல்டா அது. என்ற காதை நம்பறயா, உன்ற கண்ணை நம்பறயா?"ன்னேன். "உங்க காதைத்தானுங்கண்ணா"ன்னுட்டான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கலை.

காலைல அவன் போட்ட மெசேஜு இன்னும் அப்படியே இருக்குது. அண்ணா, இன்னைக்குப் புதுசை ஏத்திடலாம், நீங்க சரின்னு ஒரு வார்த்தை போட்டாப் போதும். ஏத்திட்டா ஊரே எடுத்து வெச்சுக்கலாம், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, எஸ்டேட்ல இருக்கறவங்க, காடு காடாப் போயி எந்தப் பறவை எங்க இருக்குதுன்னு கணக்கெடுக்கறவங்க எல்லாரும். எத்தனை நாள் ஆசை. சரி. ரெண்டே எழுத்து. இந்த வளைவுல மட்டும் ஒரு கோடு டவர் கிடைக்குதுன்னுதான் இங்க உக்காந்திருக்கறதே. போட்டுட்டு எந்திரிச்சுப் போயி நிம்மதியா நாலு இடம் பாக்கலாம். ஆனா விரல் போகமாட்டேங்குது. ஏன்னா ஒண்ணு இடிக்குது. மைக்கு இரைச்சல்னா எங்க வெச்சாலும் வரணுமில்ல. காருக்குள்ள கண்ணாடிய ஏத்திட்டு வர்றப்ப பழசை ஓடவிட்டுப் பாத்தேன், உளறலை. லாட்ஜ் ரூம்ல வெச்சேன், உளறலை. கட்டில் மேல படுத்துக்கிட்டு அதையே பாத்துட்டிருந்தேன், கம்முனு கிடந்துச்சு. இங்க இந்த மரங்களுக்கு முன்னாடி வந்து உக்காந்ததும் ஆரம்பிச்சுருச்சு. காத்துன்னு வெச்சுக்கிட்டா, இப்பக் காத்தே இல்லை, தேயிலைல ஒரு இலை ஆடலை. ஈரம் மைக்குக்குள்ள போயிருச்சோ. இருக்கும். மலையில ஈரத்துக்கு என்ன பஞ்சம். அப்படின்னா புதுசும் அதே மைக்குலதானே கேக்குது, அதுக்கு மட்டும் ஏன் இரைச்சல் தெரியலை. தெரியலைன்னா நான் சொல்லிக் குடுத்துட்டேன், அதனால தெரியலை. அதுதானே நடந்துச்சு. அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்குது. சரியா இருந்தா ஏன் நெஞ்சுக்குள்ள இப்படிக் குடையுது.

இதோ வருது பாரு. சோலைக்கு மேல, இன்னும் கண்ணுக்குத் தெரியலை, ஆனா புஸ்ஸு புஸ்ஸுன்னு பழைய ரயில் எஞ்சினாட்ட றெக்கைச் சத்தம். இருவாச்சி. "சாந்தா, மேல பாரு"ன்னேன். அவ பாத்து, "எங்கீங்க?"ன்னா. பனியக் கிழிச்சுக்கிட்டு வந்துச்சு, மஞ்சக் கொண்டையும் கறுப்பு வெள்ளை வாலுமா, எங்க தலைக்கு நேரா, பள்ளத்தாக்குக்கு அந்தாண்ட போயி இறங்குச்சு. அவளுக்கு முன்னாடி எனக்குக் கேட்டுச்சு. கேட்டுச்சா இல்லையா. காது வேலுன்னா சும்மாவா. போன்ல பழசும் புதுசும் ரெண்டும் இருவாச்சின்னே எழுதிக் காட்டுச்சு. சந்தோசமா இருக்கணும் இப்ப. முந்தியெல்லாம் இருவாச்சியப் பாத்தா அன்னைக்குப் பூராவும் வேற ஒண்ணும் வேண்டாம். ஆனா பூங்கொத்தி மறுபடியும் வந்து உக்காந்துக்கிச்சு, போன்லயும் மண்டைலயும். வர்ற வழியில ஆழியாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுல வரையாடு ரெண்டு சுவர்மேல நின்னுச்சு, வண்டிய நிறுத்திக் கிட்டக்கவே பாத்தோம். அதைக் கூட நெஞ்சு நிறையப் பாக்கலை, மனசெல்லாம் இந்தப் புரோகிராம்தான். காடும் இப்ப முந்தியாட்டம் இல்லை. முந்தி இங்க வந்தா சில்வண்டுச் சத்தம் காதை அடைக்கும், பேசறதே கேக்காது. இப்பச் சுத்தமா இல்லை. தேயிலைக்கு அடிக்கற மருந்துல எல்லாம் செத்துப் போச்சு. போன மாசக் கூட்டத்துல இதைப் பத்திப் பேசினேன். சில்வண்டே இல்லாத மலையில பூச்சி திங்கற குருவி எப்படிப் பொழைக்கும்னு கேட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. ஒருத்தர் மட்டும் என்னை ஒரு மாதிரி பாத்தார்.

"ஏனுங்க, ஏதோ டிக்கு டிக்குங்குதே, அது என்னங்க?" சாந்தாமணிதான். அவ எதைக் கேட்டாளோ. போனைச் சொல்றாளாக்கும். "போன்ல சத்தம் வராது சாந்தா, எழுத்துத்தான் வரும்"ன்னேன். "போன் இல்லைங்க. அந்த மரத்துல. இந்தச் சாவி குடுக்கற வாட்சைக் காதுகிட்ட வெச்சாக் கேக்குமே, அந்த மாதிரி. அப்பப் புடிச்சு அடிச்சுட்டே இருக்குதே." எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இவளுக்குக் காக்காயும் குயிலும் தவிர ஒண்ணும் தெரியாது. கல்யாணம் ஆனதுல இருந்து என்னை இந்தக் குருவிக் கிறுக்குக்காகத் திட்டினவ, இப்ப ரெண்டு வருசமா நான் எங்க கிளம்பினாலும் பிளாஸ்கைத் தூக்கிக்கிட்டு முன்னாடி கார்ல ஏறி உக்காந்துக்கறா. வயசானா மலை, மூடுபனி, அருவின்னு எல்லாருக்கும் ஆசை வரும்போலன்னு விட்டுட்டேன். கூட வர்றது பரவாயில்லை, பின்னாடியே நடந்துக்கிட்டு என்னமோ முணுமுணுன்னுட்டே வருவா, குருவியெல்லாம் பறந்துரும். என்ன சொன்னேன்னு திரும்பிக் கேட்டா, ஒண்ணுமில்லைங்க சும்மாம்பா. "பூச்சியா இருக்கும்"ன்னேன் இப்ப. "பூச்சி இல்லைங்க, பூச்சிதான் தனியாக் கத்துதே, காது கிழியற மாதிரி." என்ன பூச்சி. எங்க கத்துது. இவ என்ன சொல்றா. கேக்கலாம்னு வாயெடுத்தேன், கேக்கலை. டவல்ல பைனாகுலரைத் துடைச்சேன், துடைச்சதையே மறுபடியும் துடைச்சேன். எந்த மரம்னு கேட்டேன். கையக் காட்டினா.

சவுக்கு, தேயிலைக்கு நடுவுல நிழலுக்கு வெக்கற சில்வர் ஓக். அதுமேல புல்லுருவி ஒரு கொத்து. புல்லுருவிப் பழம்னா பூங்கொத்திக்கு உசுரு, இதை நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கறேன், இத்தனை நேரம் அந்த மரத்துக்கு எதிர்ல உக்காந்துட்டு அந்தக் கொத்தைப் பாக்கலை பாரு. பாத்திருக்கமாட்டேன். நான் கண்ணால தேடறவனே இல்லை. குவியத்தைத் திருப்பினேன், இலை, இலை, பழம், இலை, அப்புறம் அது. கம்பு நுனியில உக்காந்திருக்குது. சாம்பல் வயிறு, குட்டி மூக்கு. மூக்கைத் தொறக்குது. தொண்டை துடிக்குது. மூடுது. தொறக்குது. சத்தம் இல்லை. ஓடைச் சத்தம் இருக்குது, குக்குறுவான் இருக்குது, இது மட்டும் டிவியில சத்தத்தைக் குறைச்சு வெச்ச மாதிரி வாயை வாயைத் தொறக்குது. பைனாகுலரை இறக்கிட்டேன். இல்லை. தூரம் ஜாஸ்தி, அதான். சாந்தாமணிக்குக் கேட்ட தூரம். சளி புடிச்சிருக்குது, மலை ஏறினாக் காது அடைக்கும், எச்சில் முழுங்கினேன், மூக்கைப் புடிச்சு ஊதினேன், வலப்பக்கம் டப்புன்னு தொறந்துச்சு, மறுபடியும் தூக்கிப் பாத்தேன். தொறக்குது, மூடுது, ஒண்ணுமில்லை. காதுக்குப் பக்கத்துல விரலை விரல்ல தேய்ச்சேன். தேய்க்கறது விரலுக்குத் தெரியுது, காதுக்குத் தெரியலை. பயமா இருக்குது எனக்கு. வீட்டுல குருவி கத்தற காலிங் பெல்லு கெட்டுப் போச்சுன்னு கழட்டி எறிஞ்சேன், வேற வாங்கி மாட்டினேன், அதுவும் கெட்டுப் போச்சுன்னு கடைக்காரன்கிட்டச் சண்டை போட்டேன், அவன் அங்கயே அமுக்கிக் காட்டி, "அடிக்குதுங்களே"ன்னான், நான் அவனைத் திருடன்னேன். பூனாவுல இருந்து என்ற புள்ளை இலக்கியா போன்ல பேசினா வாய்க்குள்ளயே பேசறா, இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு வாயைத் தொறந்து பேசத் தெரியலைன்னு அவ அம்மாகிட்டக் குறை சொன்னேன். "அப்பா, நீங்க கேக்கவே மாட்டீங்கறீங்க"ன்னு இலக்கியா அழுதப்ப, அவ கேட்ட பையனைக் கட்டி வெக்கலைன்னு அழறான்னு நினைச்சேன். சில்வண்டு செத்துப் போச்சுன்னு மைக் புடிச்சுப் பேசினேன். சில்வண்டு ஒண்ணும் சாகலை. கம்பெனில சேந்த புதுசுல மோட்டாரை ஓடவிட்டுச் சோதிக்கற கூடத்துலதான் என்ற மேசை, வருசக்கணக்கா அந்த ஊஊன்னு கத்தறதுக்கு நடுவுல உக்காந்துதான் புரோகிராம் கத்துக்கிட்டேன், காதுல பஞ்சு வெச்சுக்கச் சொன்ன சூப்பர்வைசரைப் பாத்துச் சிரிச்சேன். அப்பவே காதை அரிக்க ஆரம்பிச்சிருக்கும், மேல இருக்கற கீச்சுச் சத்தத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா. இருவாச்சி றெக்கை கேக்கும், ஜீப்பு கேக்கும், யானை உறுமினாக் கேக்கும். கீச்சுன்னு இருக்கறது எதுவும் இல்லை.

போன்ல அந்தச் சத்தப் படத்தைத் தொறந்தேன். கண்ணால பாக்க வேண்டியதாப் போச்சு. கீழ தடிமனா ஓடை, நடுவுல குக்குறுவான், எல்லாத்துக்கும் மேல, பக்கத்தோட விளிம்புல, சின்னச் சின்னக் கோடு. ஒரு கையில பைனாகுலரைப் புடிச்சுக்கிட்டு அங்க ஒரு கண்ணு இங்க ஒரு கண்ணாப் பாத்தேன். குருவி வாயைத் தொறந்தா கோடு விழுது. மூடினா நிக்குது. யூனுஸ் காட்டின அதே கோடு. சும்மாவுல போட்ட ஒவ்வொண்ணுலயும் இருந்த கோடு. டாப்ஸ்லிப்புல இருந்துச்சு அது. ஆனைகட்டில இருந்துச்சு. எங்க மொட்டைமாடிக்குக் கூட வந்துட்டுப் போயிருக்குது, நான் அதுக்குக் கீழ நின்னு துணி காயப் போட்டிருக்கறேன். பழசு உளறலை. பழசுக்கு நல்ல காது. நான்தான் புடிச்சு உக்கார வெச்சு, கேக்கறதையெல்லாம் கேக்கலைன்னு சொல்லு, கேக்கலைன்னு சொல்லுன்னு பழக்கி, ஒரு செவிட்டை உண்டாக்கி வெச்சிருக்கறேன். சரின்னு ரெண்டு எழுத்து போட்டிருந்தா ஊர்ல இருக்கற போனெல்லாம் என்ற காதாகியிருக்கும். கணக்கெடுக்கறவங்க காடு காடாப் போயி பூங்கொத்தி இல்லைன்னு எழுதியிருப்பாங்க. போடாம இருந்தா, ஏன் போடலைன்னு சொல்லணும். கொஞ்சம் பொறு, இன்னும் வேலை இருக்குதுன்னு மழுப்பலாம். மழுப்பலாம்தான். பழசையே ஏத்திட்டு, காதைப் பத்திப் பேச்செடுக்காம விட்டுறலாம், காது வேலுன்னு இன்னும் பத்து வருசம் கையத் தூக்கிட்டுத் திரியலாம், பனியில யாருக்குத் தெரியப் போகுது. அப்ப அந்த சும்மா என்னாகறது. யூனுஸ் இன்னொரு நாள் என்ற காதை நம்பி இன்னொரு குருவியை அதுல போடுவான். நினைச்சுட்டே இருக்கறப்ப பக்கத்துல இவ உக்காந்திருக்கறது உறைச்சுது. இவளும் அதுக்குள்ளதானே கிடக்கறா. ஒண்ணுமில்லைங்க சும்மா, ஒண்ணுமில்லைங்க சும்மா. எத்தனை சும்மா. என்னென்ன சொல்லியிருப்பா அதுல.

விரல் வழுக்குச்சு, அடிச்சு அடிச்சு அழிச்சேன். கடைசில இப்படிப் போட்டேன். யூனுஸ், ஏத்தாதே. சும்மாவுல இருக்கறது எதுவும் சும்மா இல்லை. எனக்குக் கேக்கலை. கோடுதான் சரி, உன்ற கண்ணுதான் சரி. நீ கேட்டுக் குறி. அனுப்பிட்டேன். டவர் வந்து வந்து போச்சு, அப்புறம் போயிருச்சு. போனைக் கட்டைமேல கவுத்து வெச்சுட்டு, காப்பி ஆறிக் கிடந்ததை ஒரே மடக்காக் குடிச்சேன். "சாந்தா, எனக்கு அது கேக்கலை"ன்னேன். அவ என்னமோ சொன்னா, அங்க ரோட்டைப் பாத்துக்கிட்டு. "என்ன சொன்னே?" "ஒண்ணுமில்லைங்க, சும்..." அதோட நிறுத்திட்டா. பிளாஸ்கை மூடி வெச்சுட்டு, எந்திரிச்சு வந்து எனக்கு எதிர்ல நின்னா. இப்பவெல்லாம் அவ பேசறப்ப மூஞ்சிக்கு நேரா வந்து நின்னுதான் பேசறா, சண்டைக்கு வர்றாளாட்டம் இருக்குதுன்னு எரிஞ்சு விழுந்திருக்கறேன். "தனியாக் காட்டுக்குப் போகாதீங்கன்னு சொன்னேன். ரெண்டு வருசமா அதைத்தான் சொல்லிட்டு வர்றேன். பின்னாடி மூங்கில் ஒடியறது கூட உங்களுக்குக் கேக்கறதில்லை. அன்னைக்கு மானாம்பள்ளி ரோட்டுல காட்டெருமை உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு மூச்சு விடுது, நீங்க மரத்தை அண்ணாந்து பாத்துட்டு நிக்கறீங்க. நான்தான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். எனக்கென்னங்க குருவியும் மலையும். பயந்துட்டுத்தான் கூட வர்றேன்." அன்னைக்கு அவ இழுத்ததுல ஒரு நல்ல மரங்கொத்தி தப்பிப் போச்சுன்னு காருக்குள்ள பூராத் திட்டிட்டு வந்தது நான். "ஏன் இதை முன்னாடியே சொல்லலை?"ன்னேன். "நீங்க கேக்கலைங்களே"ன்னா. எந்தக் கேக்கலைன்னு நானும் கேக்கலை.

கொஞ்ச நேரம் கழிச்சு அவளைப் பக்கத்துல உக்காரச் சொன்னேன். "அது கத்தறப்பெல்லாம் என்ற கைமேல ஒரு தட்டுத் தட்டு"ன்னேன். "என்னத்துக்குங்க?" "தட்டு பாக்கலாம்." ஒரு விரலை என்ற மணிக்கட்டு மேல வெச்சா. பைனாகுலரைத் தூக்கினேன். குருவி வாயைத் தொறந்துச்சு, விரல் விழுந்துச்சு. மறுபடியும் தொறந்துச்சு, மறுபடியும் விழுந்துச்சு. கண்ணு கலங்கி குவியம் மங்கிப் போச்சு, துடைச்சுட்டுப் பாத்தேன். பூங்கொத்தி பழம் ஒண்ணை வாயில கவ்விக்கிட்டு கம்முனு உக்காந்திருந்துச்சு. ஆனா கைமேல தட்டு விழுந்துச்சு, ரெண்டு, மூணு, விடாம. "கத்தலையே சாந்தா, வாயில பழமிருக்குது"ன்னேன். அவ எட்டி என்ற மூஞ்சிக்கு நேரா வந்து சொன்னா, "இது வேறைங்க. உங்களுக்குப் பின்னாடி மூங்கில் ஒடியுது." நான் திரும்பினேன்.